மூன்றரை மணி நேரக் கொல்லை

3.3.2024, ஞாயிறு
லாலாங் புல் இடுப்பளவு நிற்கிறது. தீபாவளிக்கு அப்புறம் யாரும் கொல்லைப் பக்கம் போகவில்லை. அம்மா சமையற்கட்டு வாசலில் நாற்காலியைப் போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

4.3.2024, திங்கள்
சிறுநீரகம் கெட்ட அம்மாவுக்கு உள்ளே டயாலிசிஸ், நான்கு மணி நேரம் நான் வெளிக்கூடத்தில். பழைய பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். திங்கள், புதன், வெள்ளி அரைநாள் இங்கே, அரைநாள் கடை. அன்றைக்கு இரவு அம்மாவுக்குத் தலை சுற்றும், விட்டு நகர முடியாது. சனி முழுநாளும் கடை. செவ்வாயும் வியாழனும் காலையில் முக்கால் மணி. ஞாயிறு இரண்டு மணி. ஆக வாரத்துக்கு மூன்றரை மணி நேரம். இந்த வெயிலுக்குத் தண்ணீர் ஊற்றவே தினம் இருபது நிமிடம் வேண்டும். அதைக் கழித்தால் எழுபது நிமிடம் மிச்சம். எழுபது நிமிடத்தில் என்ன கொல்லை போடுவது?

அம்மா எப்படிப் போட்டார்? மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு கிடையாது. பட்டை நனைந்தால் பால் கோட்டில் இறங்காமல் மரமெல்லாம் வழிந்துவிடும். கூலி இல்லாத அந்த நாளில்தான் கொல்லை வேலை. தோட்டத்துக் கூலி வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் காய்த்த வெண்டை, கத்திரி, கச்சாங் பஞ்சாங் என்ற நீளப் பயற்றங்காய் அத்தனையும் மழை கொடுத்த நேரத்தில் வந்தவை.

7.3.2024, வியாழன்
பிளிம்பிங், அதாவது நட்சத்திரப்பழ மரத்தில் பூ, பிஞ்சு, பழம் எல்லாம் ஒன்றாக.

10.3.2024, ஞாயிறு
லாலாங்கைப் பிடுங்கக் கூடாது என்று இன்றைக்குப் புரிந்தது. வெள்ளை வேர் விரல் நீளத்துக்கு அறுந்து மண்ணில் தங்கினாலும் அதிலிருந்து இன்னொன்று கிளம்பும். அடியோடு அறுத்துப் போட்டு, கடையில் கிடந்த அட்டைப் பெட்டிகளைப் பிரித்து மேலே பரப்பினேன். பக்கத்து வீட்டு அண்ணன் செம்பனை எண்ணெய் ஆலையிலிருந்து லோரியில் வெறுங்குலை கொண்டுவந்து கொட்டினார். பழம் உதிர்ந்த குலை நார்நாராக, கைக்கு ஈரமாக இருந்தது. தோட்டத்தில் செம்பனைக்கு அடியில் இதைத்தான் போடுகிறார்கள். ஈரமும் நிற்கும், உரமும் ஆகும். தண்ணீர் நேரத்தில் பாதியாவது குறைந்தால் போதும்.

12.3.2024, செவ்வாய்
குழாயடியை ஒட்டி இரண்டே பாத்தி. அதற்கு மேல் வேண்டாம்.

வெண்டை இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும். வெள்ளிக்கிழமைக் காயை ஞாயிறு வரை யார் பார்ப்பது? வேலியோரம் செராய் என்ற எலுமிச்சைப்புல், வாசனைக்குப் போடும் பண்டான் இலை, கறிவேப்பிலை. இவை என்னை எதிர்பார்க்காதவை. ஒரு பாத்தி கங்கோங் கீரை, நான்கு வாரத்தில் அறுக்கலாம், அடியை விட்டால் மறுபடி துளிர்க்கும். இன்னொன்றில் சுரை. சுரைக்காய் அம்மா அளவாகச் சாப்பிடலாம். முருங்கையில் பொட்டாசியம் அதிகம், கூடவே கூடாது. இத்தனை வருஷம் முருங்கைக்கீரை உடம்புக்கு நல்லது என்று எனக்கு ஊட்டியவர்.

பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் வேலி மேல் ஏறிப் பிளிம்பிங் பறித்தார்கள். பறிக்கட்டும். எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு போகட்டும்.

15.3.2024, வெள்ளி
தாதி மறுபடி கேட்டார், “வீட்ல அந்தப் பிளிம்பிங் மரம் இன்னும் இருக்கா?” அந்தப் பழம் ஒரு துண்டு கூட ஆகாதாம். நல்ல சிறுநீரகம் அந்த விஷத்தை வெளியேற்றிவிடும். அம்மாவுக்கு அது மூளைக்குப் போகும். முதலில் நிற்காத விக்கல் வருமாம், அப்புறம் புத்தி தடுமாறி வலிப்பு.

லயத்தை விட்டு இந்த வீட்டுக்கு வந்த வாரம் அம்மா நட்ட மரம். சொந்த மண்ணில் வைத்த முதல் செடி.

19.3.2024, செவ்வாய்
மழை இல்லை. சுரை முளைத்துவிட்டது!

24.3.2024, ஞாயிறு
அம்மா வாளியோடு சுரைக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். இடது கையில் பாரம் தூக்கக் கூடாது என்று எத்தனை தடவை சொல்வது? வாளியை வாங்கும்போது அந்தக் கையைப் பிடித்தேன். டயாலிசிஸ் ஊசி குத்தும் இடத்தில் தோலுக்கு அடியில் ரத்தம் பூனை உறுமுவது மாதிரி ஓடுகிறது. அந்த ஓட்டம் நிற்கக் கூடாது. தினமும் தொட்டுப் பார்க்கிறேன்.

அவருக்குக் குடிக்க நாள் முழுக்க ஒரு சின்னப் போத்தல்தான். சுரைக்கு ஒரு வாளி. ஈர மண்ணைப் பார்த்து, “நல்லா குடிக்குது” என்றார். நான் உள்ளே போய்விட்டேன்.

29.3.2024, வெள்ளி, இரவு
விக்கல். ஒன்பதரைக்கு ஆரம்பித்தது. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டீங்களா என்று கத்திவிட்டேன். இல்லை என்கிறார். டார்ச் எடுத்துப் போய் மரத்தடியில் தேடினேன். கடித்துப் போட்ட பழம் ஏதும் இல்லை, எறும்பு மொய்த்தவைதான். திரும்பி வந்தபோது விக்கல் நின்றிருந்தது. பதினோரு நிமிடம்.

30.3.2024, சனி
அம்மா என்னோடு பேசவில்லை. மரம் வெட்ட ஆள் பேசியாயிற்று. நாளை காலை எட்டு மணி, கூலி நூற்றைம்பது வெள்ளி.

31.3.2024, ஞாயிறு
விடியற்காலை முதல் கொட்டுகிறது. ஆள் வரமாட்டாராம். ஐந்து மணிக்குச் சமையற்கட்டில் சத்தம் கேட்டு எழுந்து போனேன். அம்மா தரையில் உட்கார்ந்து, வலது கையால் பாராங் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். இடது கை மடியில் கிடந்தது.

“மழ நாள்தானே” என்றார். “நீ போய் கிளைய பிடி.”