புதிய பதிப்பு வரப்போகிறது என்றால் எந்தப் புத்தகத்தை வாங்குவது?

பாத்திரங்களாக நடித்து, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை ஆடத் தொடங்கும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, இப்போது புத்தகம் வாங்கினால் அடுத்த பதிப்பு வந்ததும் பணம் வீணாகிவிடாதா என்பதைத்தான். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்புக்கு 2003-லேயே 3.5 என்ற திருத்தம் வந்துவிட்டது. 2008-இல் வெளியான நான்காம் பதிப்போ ஆட்டத்தின் அடிப்படையையே மாற்றியதால், பழைய விதிநூல்களை அதனோடு சேர்த்து ஆட வழியில்லாமல் போயிற்று.

ஆனால் காத்திருந்தாலும் நஷ்டம் உண்டு. ஐந்தாம் பதிப்பின் மூன்று அடிப்படை நூல்களும் புதுப்பிக்கப்படும் என்று 2021 செப்டம்பரில் வெளியீட்டாளர்கள் அறிவித்தார்கள். ஆடுபவர்களுக்கான அடிப்படை விதிநூலான புதிய பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 2024 செப்டம்பரில்தான் வந்தது, அரக்கர்களின் தொகுப்பான மான்ஸ்டர் மேனுவல் வர 2025 பிப்ரவரி ஆகிவிட்டது. ஒரு நீண்ட கதையைத் தொடங்கி நிதானமாக ஆடி முடிக்க அந்த இடைவெளி தாராளமாகப் போதும். ஆடுவதற்குக் குழு தயாராக இருக்கிறதென்றால், அடிப்படை விதிநூலை உடனே வாங்கிவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அதற்கும் தயக்கமிருந்தால், 2023 ஜனவரியில் யாரும் பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடப்பட்ட, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1-ஐ இலவசமாக இறக்கி ஆடிப் பார்க்கலாம்.

கையை இறுக்க வேண்டியது துணை விதிநூல்களில்தான். 2017-இல் வந்த ஸனாதர் என்ற துணைநூலின் குளூம் ஸ்டாக்கர், 2020-இல் வந்த டாஷா என்ற துணைநூலின் சோல்நைஃப் ஆகிய பாத்திர உட்பிரிவுகள் திருத்தப்பட்ட வடிவில் 2024 ஹேண்ட்புக்குக்குள்ளேயே வந்துவிட்டன. அறிவிப்புக்குப் பிறகு இவற்றுக்காகவே அந்த நூல்களை வாங்கியவர்கள் ஒரே பொருளுக்கு இருமுறை பணம் கொடுத்தார்கள்.

ஆடுவதற்கான கதையைத் தரும் சாகச நூல்களின் ஆயுள் வேறு. 1983-இல் வந்த ரேவன்லாஃப்ட் என்ற சாகச நூலின் கோட்டைதான், பல பதிப்புகளைக் கடந்து, 2016-இன் கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட் நூலிலும் நிற்கிறது. அந்த 2016 நூலையே 2024 விதிகளோடு நான் நடத்துகிறேன். குணமாக்கும் மருந்தைக் குடிக்க முன்பு, ஒருவர் தன் முறையில் செய்யும் முக்கியச் செயலான ஆக்‌ஷன் செலவாகும், இப்போது கூடுதல் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷன் போதும். காயம் ஆற்றும் கியூர் ஊண்ட்ஸ் மந்திரத்துக்கு எட்டுமுகப் பகடை ஒன்றுக்குப் பதில் இரண்டு. எதிர்பாராமல் தாக்கப்பட்டவர் முதல் சுற்றை இழப்பதும் இனி இல்லை, யார் முதலில் ஆடுவது என்று முடிவு செய்யும் இனிஷியேட்டிவ் பகடையில் மட்டும் பின்தங்குவார். இவையெல்லாம் ஆடுபவர்களுக்குச் சாதகம், ஆகவே காட்டில் பதுங்கிப் பாயும் ஓநாய்க் கூட்டத்தில் ஒன்றிரண்டைக் கூட்டிக்கொள்கிறேன். வரைபடத்திலோ, வில்லன் ஸ்ட்ராடின் நோக்கங்களிலோ, ஊர்க்காரர்களின் துயரத்திலோ ஒரு வரியையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இதே வகையைச் சேர்ந்த திகில் ஆட்டமான கால் ஆஃப் துலுவில் இந்தக் கவலைக்கே இடம் குறைவு. 1981 முதல் வரும் அந்த ஆட்டத்தின் ஏழாம் பதிப்பில் நடந்த பெரிய எண் மாற்றம், பாத்திரங்களின் அடிப்படைத் திறன்களை ஐந்தால் பெருக்கியதுதான். பழைய கதைநூலில் வலிமை 12 என்றிருந்தால் 60 என்று பென்சிலில் குறித்துக்கொண்டு ஆடலாம். அதன் பழைய கதைநூல்கள் நல்ல விலைக்குக் கிடைத்தால், அட்டையில் எந்தப் பதிப்பு என்று போட்டிருந்தாலும் நான் வாங்கிவிடுகிறேன்.