காற்று ஷிப்ட் பார்த்து வருவதில்லை

எங்கள் தொழிற்சாலைக்கென்று வைத்த காற்றாலை ஓடத் தொடங்கிய முதல் மாதத்து மின் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் பிரிவு மேலாளர் என் மேசைக்கு வந்தார். வாங்கிய யூனிட் நன்றாகவே குறைந்திருந்தது. ஆனால் அவர் விரல் அடுத்த வரியில் நின்றது. “டிமாண்ட் கட்டணம் மட்டும் அப்படியே இருக்கே சார்?”

என்னிடம் உடனே பதில் இல்லை. திட்ட அறிக்கையில் ‘டிமாண்டும் ஓரளவு குறையும்’ என்று ஒரு வரி எழுதியவனே நான்தான்.

மீட்டர் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். தொழிற்சாலை மீட்டர் யூனிட்டைக் கூட்டுவதோடு நிற்பதில்லை. வெளியிலிருந்து இழுக்கும் மின்சாரத்துக்கு 15 நிமிடத்துக்கோ 30 நிமிடத்துக்கோ ஒருமுறை சராசரி எடுத்து, மாதத்திலேயே உயர்ந்த சராசரியைத் தனியாக வைத்துக்கொள்ளும். டிமாண்ட் கட்டணம் அந்த ஒரு எண்ணை வைத்துத்தான். மாதம் முழுக்க வீசிவிட்டு, உலைகளெல்லாம் ஒன்றாக ஓடும் ஒரு மதியத்தில் காற்று அரை மணி நேரம் ஓய்ந்தால் போதும், கதை முடிந்தது. எங்களுக்கு அப்படித்தான் ஆகியிருந்தது. செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டேகால் மணி. மூன்று உலைகளும் ஓடிக்கொண்டிருந்தன, காற்றாலை பூஜ்யம்.

‘வருடத்துக்கு எத்தனை யூனிட்’ என்பதிலேயே என் புத்தி அத்தனை நாளும் இருந்திருக்கிறது. ‘எந்த மணிக்கு’ என்ற கேள்வியை நான் சரியாகக் கேட்டதே இல்லை.

எத்தனை யூனிட் என்ற கேள்வியையும் லேசாக விட்டுவிட முடியாது. 1.5 மெகாவாட் காற்றாலை வருடத்தின் 8,760 மணி நேரமும் முழு வேகத்தில் ஓடினால் 1 கோடியே 31 லட்சம் யூனிட் வரும். அப்படி ஓடும் காற்றாலை உலகத்தில் எங்கும் கிடையாது. அதில் கால் பங்கு, சுமார் 33 லட்சம் யூனிட் கிடைத்தாலே நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கு மோசமில்லை. விநாடிக்கு 3 மீட்டர் வேகக் காற்றில் அது மின்சாரம் தரத் தொடங்கும், 12 மீட்டர் வாக்கில் முழுத் திறனைத் தொடும், 25-ஐத் தாண்டினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். பெரும்பாலான நாட்கள் முதல் இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் கழியும்.

அந்த நடுவில்தான் வில்லங்கமும். அளவுக் கம்பம் நட்டு ஒரு வருடம் காற்றை அளக்க வேண்டும் என்றபோது முதலாளிக்குப் பொறுமை இல்லை. சராசரி 6 மீட்டர் என்று ஒரு வரைபடம் சொல்கிறதே, தப்பினால் 5 இருக்கும், ஒரு மீட்டர்தானே என்றார். காற்றின் சக்தி வேகத்தின் மும்மடியில், அதாவது வேகத்தை வேகத்தாலேயே இரண்டு தடவை பெருக்கிய கணக்கில் போகிறது. 6 மீட்டர் காற்று 5 ஆனால், அதில் உள்ள சக்தி ஏறக்குறைய 42 சதவீதம் போய்விடும். காகிதத்தில் போட்டுக் காட்டினேன். கம்பம் நட்டோம்.

அதற்கு முன்பே சூடு கண்டவன் நான். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஷெட் கூரை மேல் சின்னக் காற்றாலை ஒன்றை வைத்தோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முடிவுக்கு வர முடியாதது போல நாள் முழுக்கத் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தது. இரவு ஷிப்டில் கூரைத் தகடு அதிர, கீழே இருந்தவர்கள் என்னைத் திட்டினார்கள். மின்சாரம் ஏதோ வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். கடைசியில் ஒரு பட்டத்தின் நூலில் இரண்டு மீட்டருக்கு ஒரு ரிப்பன் கட்டிக் கூரையிலிருந்து பறக்கவிட்டோம். மேலே இருந்த ரிப்பன்கள் ஒரே திசையில் நேராக நீண்டு பறந்தன. கூரைக்கு அருகில் இருந்தவை சுருண்டன, விழுந்தன, எதிர்ப்பக்கம் போயின. காற்றாலை நின்றது அந்த ரிப்பன்களின் உயரத்தில். கட்டடத்தின் உயரத்தைப் போல இருபது மடங்கு தூரம் வரை பின்பக்கமும், இரண்டு மடங்கு வரை மேலேயும் காற்று கலங்கியிருக்கும் என்பது இந்தத் துறையில் பழைய கணக்கு. எனக்கு அது ரிப்பனைப் பார்த்த பிறகுதான் மண்டையில் ஏறியது.

(அந்த நாட்களில் ஒரு விற்பனையாளர், தன் கருவி காற்றின் சக்தியில் முக்கால் பங்கை எடுத்துவிடும் என்று சத்தியம் செய்தார். 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த இறக்கையாலும் எடுக்க முடியாது என்று ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மானியர் நூறு வருடத்துக்கு முன்பே கணக்குப் போட்டுவிட்டார். தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தோம்.)

இந்தத் தொழிற்சாலைக் காற்றாலையின் 80 மீட்டர் கோபுரத்துக்கு ஷெட் ஒரு பொருட்டே இல்லை. அதற்கு வேறு தொல்லைகள் உண்டு. வாசலுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் எல்லோர் கண்ணிலும் படும் என்று நிர்வாகத்துக்கு ஆசை. இறக்கை நுனி வரை 120 மீட்டருக்கு மேல் உயரம். சாலையிலிருந்தும் குடியிருப்பிலிருந்தும் தள்ளித்தான் இருக்க வேண்டும். இறக்கையின் சத்தம் ஒரு பக்கம். மாலை வெயிலில் அதன் நிழல் ஒருவர் ஜன்னலில் வெட்டி வெட்டிப் போனால் அந்த வீட்டில் யாரும் உட்கார முடியாது. கடைசியில் பின்பக்கத்துக் கோடிக்குப் போனோம். கேபிள் நீளமானது, செலவும் கூடியது. அதற்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை.

ஓடத் தொடங்கிய மூன்றாவது மாதம் வெளி மின்சாரம் போனது. நல்ல காற்று. காற்றாலையும் நின்றுவிட்டது. “நம்ம காற்றாலைதானே சார், நமக்கு ஏன் இருட்டு?” என்று ஷெட்டில் இருந்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எங்களுடையது வெளி மின்சாரத்தின் தாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் வகை. அந்தத் தாளம் நின்றால் தானும் நின்றுவிட வேண்டும். இல்லையென்றால், செத்த கம்பி என்று நம்பி வெளியே வேலை செய்பவர் மேல் நாங்கள் மின்சாரத்தைப் பாய்ச்சியவர்களாவோம். 1888-இல் சார்லஸ் பிரஷ் தன் வீட்டுத் தோட்டத்தில் 144 மரப் பலகை இறக்கைகளோடு 12 கிலோவாட் காற்றாலை கட்டியபோது, நிலவறையில் பேட்டரிகளை அடுக்கி வைத்திருந்தார். நாங்கள் பேட்டரி வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்றேன். அவர்களுக்குச் சமாதானம் ஆகவில்லை.

விடுமுறை நாட்கள் இதற்கு நேர் எதிர். உலைகள் நிறுத்தம், விளக்குகளும் கொஞ்சம் இயந்திரங்களும் மட்டும் ஓடும். அன்றைக்குப் பார்த்து காற்று பிய்த்துக்கொண்டு போகும். மிச்ச மின்சாரத்தை வெளியே தள்ள அப்போது எங்களுக்கு அனுமதி இல்லை. மின்சாரம் திரும்பிப் பாயத் தொடங்கியதும் ரிலே என்ற காவல் கருவி பிரேக்கரைத் தட்டி இணைப்பைத் துண்டித்துவிடும். அவ்வளவு நல்ல காற்றில் இறக்கையைக் காற்றுக்கு விளிம்பு காட்டித் திருப்பிவைத்துவிட்டு அது சும்மா நிற்பதை அண்ணாந்து பார்ப்பது கொஞ்சம் வயிற்றெரிச்சலான வேலை.

அப்புறம்தான் காற்றை விட்டுவிட்டு வேலைகளைப் பார்க்கத் தொடங்கினோம். உலையை நகர்த்த முடியாது, சூடு ஏறியது ஏறியதுதான். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதை நகர்த்தலாம். குளிர் அறையை இரவிலேயே இரண்டு டிகிரி கூடுதலாகக் குளிர்த்து வைக்கலாம். தரைக்கு மேலே கோபுரத்தின் அந்த உயரத்தில் இரவுக் காற்று பெரும்பாலும் பகலைவிட நன்றாக இருந்ததும் உதவியது. மூன்று உலைகளும் ஒரே கால் மணிக்குள் உச்சத்துக்கு வராதபடி இடைவெளி விட்டோம். டிமாண்ட் கொஞ்சம் இறங்கியது. உண்மையைச் சொன்னால், அது காற்றாலையால் இறங்கியதல்ல. காற்றாலை வைக்காமலே பத்து வருடத்துக்கு முன் செய்திருக்கலாம்.

பம்ப் அறைக்காரர் ஒருவர் இருந்தார். காற்று முன்னறிவிப்பைத் திரையில் அவருக்குக் காட்டும்படி ஏற்பாடு செய்திருந்தேன். அவர் திரையை ஒரு தடவை பார்ப்பார், வாசலுக்கு வந்து இறக்கையை ஒரு தடவை பார்ப்பார், அதன் பிறகுதான் சுவிட்ச். ஒருநாள் சாயங்காலம் போன் செய்தார். “சார், ராத்திரி நல்லா காத்து வரும்னு இதுல போட்டிருக்கு. எனக்கென்னவோ வராதுன்னு தோணுது. தொட்டியை இப்பவே நிரப்பிடட்டுமா?”

அவர் அனுபவத்தை மதித்து, சரி நிரப்புங்கள் என்றேன். அன்று விடிய விடியக் காற்று. தொட்டி ஏற்கெனவே நிரம்பி, பம்ப் சும்மா இருந்தது.

காலையில் பார்த்தபோது இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசவில்லை.