பதிவேட்டின் ஓரத்தில் பென்சில் புள்ளி

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நம் பள்ளி முன்னாள் மாணவர் சங்கம் வெளியிடும் மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்ட சங்கச் செயலாளர், கூடவே இன்னொரு செய்தியும் சொன்னார். பள்ளிக்கு அடுத்து என்ன செய்து தரலாம் என்று பொதுக்குழுவில் பேசப்போகிறார்கள். நுழைவு வளைவு கட்டலாம் என்கிறார்கள் சிலர், மேல் வகுப்புகளுக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கலாம் என்கிறார்கள் சிலர். எல்லாரும் பள்ளி மேல் உள்ள பாசத்தில் சொல்வதுதான். எனக்கு மனதில் இருப்பது வேறு. அதைச் சொல்வதற்கு, 1986 முதல் 1993 வரை நான் அங்கே படித்த காலத்துக்குக் கொஞ்சம் போய்வர வேண்டும்.

அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் கிடையாது. 2004-இல்தான் பிரித்தார்கள், அதுவரை நாம் தர்மபுரி மாவட்டம். நம் கத்தோலிக்கத் திருச்சபையின் நிர்வாகப் பகுதியான மறைமாவட்டமும் சேலம்தான், தர்மபுரி மறைமாவட்டம் 1997-இல் உருவானது. மாதா கோயில், கன்னியர் மடம், ஹாஸ்டல், பள்ளி எல்லாம் ஒரே வளாகம். பிள்ளைகளில் பாதிக்கும் மேல் இந்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள். பர்கூர், கந்திகுப்பம், மகாராஜகடை, வேப்பனப்பள்ளி பக்கத்திலிருந்து வருவார்கள். அப்பா கல் குவாரியில், அம்மா மாந்தோப்பில் வேலை. இல்லையென்றால் இரண்டு பேரும் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார்கள், பிள்ளை பாட்டியிடம் வளரும்.

ஆறாம் வகுப்பில் எங்களுக்கு வகுப்பாசிரியர் ஒரு சிஸ்டர். பெயர் கூப்பிட்டதும் "உள்ளேன் சிஸ்டர்" என்போம். உடனே அடுத்த பெயருக்குப் போகமாட்டார். "காலைல என்னா சாப்ட்ட?" என்று கேட்பார். களி, கூழ், பழையது என்று பதில் வரும். இட்லி என்று யாராவது சொன்னால் அவர்கள் ஊரில் திருவிழா என்று அர்த்தம். சிலர் "சாப்ட்டேன் சிஸ்டர்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள், என்ன சாப்பிட்டோம் என்று சொல்லமாட்டார்கள். அந்தப் பெயருக்கு நேராகப் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி விழும். நான் முதல் பெஞ்சு என்பதால் அந்தக் கை அசைவது எனக்குத் தெரியும். முதல் பீரியட் முடிந்ததும் "இந்த நோட்டுக் கட்ட ஹாஸ்டல்ல குடுத்துட்டு வா" என்று அந்தப் பிள்ளையை அனுப்புவார். ஹாஸ்டல் சமையல்கார அம்மாவுக்கு விஷயம் தெரியும். நோட்டுக் கட்டு அங்கே போகும், பிள்ளை வாயைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்கு வரும். மாதக் கடைசியில் பதிவேடு ஆபீஸுக்குப் போகும் முன் எல்லாப் புள்ளியையும் ரப்பர் வைத்து அழித்துவிடுவார். என் பெயருக்கு நேராகவும் அந்தப் புள்ளி விழுந்திருக்கிறது. அந்த ஹாஸ்டல் உப்புமாவின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

மஸ்கட்டில் செவிலியராக இத்தனை வருடம் வேலை பார்த்த பிறகு அந்தப் புள்ளியின் அருமை எனக்கு இன்னும் நன்றாகப் புரிகிறது. வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைக்குப் பதினோரு மணிக்குத் தலை கிறுகிறுக்கும், கரும்பலகை மங்கும், கேள்வி கேட்டால் முழிக்கும். மக்கு என்று பெயர் வாங்கும். அந்தப் பெயர் அதோடு கடைசி வரைக்கும் போகும்.

மதியச் சாப்பாட்டுக்கு அப்போதே வழி இருந்தது. 1982-இல் வந்த சத்துணவுத் திட்டத்தை 1984-இல் பத்தாம் வகுப்பு வரை நீட்டித்திருந்தார்கள். நான் உயர்நிலை வகுப்புக்கு வந்த சமயம், 1989-இல், இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்த்தார்கள். முட்டை போடும் நாளில் யாரும் லீவு எடுக்கமாட்டார்கள். காலைச் சாப்பாடுதான் யார் கணக்கிலும் வராமல் கிடந்தது. 2022-இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது, 2024-இல் கிராமப்புற அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. செய்தியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு இல்லை. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மதியச் சத்துணவும் இல்லை.

வயிற்றுக்கு அடுத்தது மொழி. நம் பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். ஏழாம் வகுப்பில் வேப்பனப்பள்ளிப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். சமூக அறிவியல் ஐயா எதைக் கேட்டாலும் எழுந்து தலையைக் குனிந்து நிற்பான். ஒருநாள் மைசூர்ப் போர்ப் பாடம். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாராமகால் நாடு, அதாவது நம் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம், திப்பு சுல்தானின் கையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனதை ஐயா நடத்தினார். மறுநாள் கேள்வி கேட்டபோது அவன் வழக்கம்போல நின்றான். ஐயா பிரம்பை மேசை மேல் வைத்துவிட்டு, "தெலுகுலோ செப்புரா" என்றார். அவன் நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் ஆரம்பித்தான் பாருங்கள்! கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைப் பற்றித் தாத்தா சொன்ன கதையையும் பாடத்தையும் கலந்து, மூச்சு விடாமல் சொன்னான். ஐயா இரண்டு மொழியும் தெரிந்த ஒரு பிள்ளையை எழுப்பி அதைத் தமிழில் சொல்லச் சொன்னார், அவரே கரும்பலகையில் எழுதினார், அதை அந்தப் பையனையே நோட்டில் எழுதவைத்தார். அதன் பிறகு வருடம் முழுக்க இப்படித்தான் நடந்தது. பத்தாம் வகுப்புக்கு வரும்போது தமிழ்க் கட்டுரையில் எங்களை முந்திவிட்டான். இன்று ஓசூரில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறான். அவனுக்குத் தலையில் ஒன்றும் ஏறாது என்று அதற்கு முந்தின வருடம் வரை எல்லாரும் நம்பினோம்.

பல் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில், அதாவது போர் தண்ணீரில், ஃபுளூரைடு அதிகம். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் வளரும் பிள்ளைகளின் பல்லைக் கெடுக்கும், போகப் போக எலும்பையும் பிடிக்கும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முன்பல் எல்லாம் காவி நிறம். சிரித்தாலும் பேசினாலும் கை வாயை மூடிக்கொள்ளும். செங்கல் பொடி வைத்துத் தேய்த்து ஈறு புண்ணாகி வருவாள். "காவிப் பல்லு" என்று பையன்கள் கூப்பிடுவதைக் கேட்ட அறிவியல் டீச்சர், அன்றைக்கு எடுக்க வேண்டிய பாடத்தை ஓரம் வைத்துவிட்டுத் தண்ணீரைப் பற்றி நடத்தினார். இந்த நோயை நம் நாட்டில் 1937-இலேயே நெல்லூர்ப் பக்கம் கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள் என்றார். பல் ஈறுக்குள் உருவாகும்போதே கறை சேர்ந்துவிடும், தேய்த்தால் போகாது, பல் விளக்காததால் வருவதும் இல்லை என்று படம் போட்டுச் சொன்னார். கடைசியில், "உங்க ஊட்டுத் தண்ணியும் இதே தண்ணிதான்டா" என்றார். வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்தப் பெண் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆனால் அந்தப் பட்டப்பெயர் நின்றது. பிளஸ் ஒன்னில் பாட்டுப் போட்டிக்கு அவளே போய்ப் பெயர் கொடுத்தாள். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு ஊர்களுக்குக் காவிரித் தண்ணீர் வருகிறது. இருந்தாலும் போர் தண்ணீர் குடிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

பெண் பிள்ளைகளின் கஷ்டத்தை மலரில் எழுதலாமா என்று யாரும் யோசிக்க வேண்டாம், எழுதத்தான் வேண்டும். கழிப்பறையில் தண்ணீர் வராத நாட்களில் நாங்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்போம். மாதவிலக்கு என்றால் பலருக்கு வீட்டில்தான் இருப்பு, அந்த நாட்களில் நடத்திய கணக்கு போனது போனதுதான். தையல் அறை அலமாரியின் கீழ்த்தட்டில் சிஸ்டர்கள் சுத்தமான துணி மடித்து வைத்திருப்பார்கள். யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தட்டு இருந்ததால் பள்ளிக்கு வந்தவர்கள் நாங்கள்.

பத்தாவது முடிந்த கோடை விடுமுறையில் எங்கள் வகுப்பில் சிலருக்குக் கல்யாணம் ஆனது. ஒருத்தி வீட்டுக்கு மட்டும் தலைமை ஆசிரியராக இருந்த எச்.எம். ஃபாதரும் ஒரு சிஸ்டரும் நேரில் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசி, ஹாஸ்டலில் இடம் தருகிறோம் என்று சொல்லி அழைத்து வந்தார்கள். இன்று படிக்கும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. நம்மைப் போன்ற உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் 2024 டிசம்பரில் அதை விரிவுபடுத்தினார்கள். இதை எட்டாம் வகுப்பிலேயே அம்மாக்களைக் கூப்பிட்டுச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அடியைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. பிரம்பு இருந்தது, வலித்தது. அதைவிட வலித்தது அசெம்பிளியில் மார்க் வாசிப்பது. நாங்கள் ஒன்பதாவது படிக்கும்போது வந்த எச்.எம். ஃபாதர் அந்த வாசிப்பை நிறுத்தினார். புனித தொன் போஸ்கோ மேல் பக்தி உள்ளவர். தவறு நடந்த பிறகு தண்டிப்பதைவிட, அது நடக்காதபடி பிள்ளைகளோடு கூடவே இருப்பதுதான் அவர் வழி என்று எங்களிடம் சொல்வார். தமிழ்நாட்டில் பிரம்படிக்கு விதி போட்டுத் தடை வந்தது 2003-இல், பொதுத்தேர்வில் ரேங்க் அறிவிப்பது நின்றது 2017-இல். நம் பள்ளியில் ஒரு மனிதர் அதை எப்போதோ யோசித்துவிட்டார்.

எனக்கு மனதில் உறுத்துவது இதுதான். ஆறாம் வகுப்பு சிஸ்டருக்கு அடுத்த வருடமே மாற்றல் வந்தது. புதிதாக வந்தவர் நல்லவர், நன்றாகப் பாடம் எடுப்பார். ஆனால் பதிவேட்டில் புள்ளி விழவில்லை. நோட்டுக் கட்டும் ஹாஸ்டலுக்குப் போகவில்லை. ஐயா ஓய்வு பெற்றதும் தெலுங்கில் பதில் சொல்லும் வழக்கமும் போனது. அந்தந்த மனிதரின் நல்ல மனதை நம்பியே எல்லாம் நடந்தது, அவர் போனதும் நின்றது. நமக்குக் கிடைத்தது நம் அதிர்ஷ்டம். நமக்கு அடுத்து வந்த பிள்ளைகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இருந்ததா என்று யாருக்குத் தெரியும்?

போன மாதம் இப்போதைய எச்.எம். ஃபாதரிடம் போனில் பேசினேன். பிள்ளைகள் ராத்திரி வெகுநேரம் செல்போன் பார்த்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தோடு வருகிறார்கள், பல வீடுகளில் அப்பா குடி, கொரோனாவுக்குப் பிறகு எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறும் பிள்ளைகள் மேல் வகுப்புக்கு வந்துவிட்டார்கள் என்றார். அரசு 14417 என்ற உதவி எண் கொடுத்திருக்கிறது, 2022-இல் பள்ளிகளில் பிள்ளைகள் தங்கள் கஷ்டத்தை எழுதிப் போட 'மாணவர் மனசு' பெட்டியும் வைத்தார்கள். நல்ல ஏற்பாடுகள். ஆனால் பெட்டியில் சீட்டுப் போட்ட பிள்ளையோடு உட்கார்ந்து பேசவும், மறுவாரம் "இப்ப எப்படிம்மா இருக்க?" என்று கேட்கவும் ஆள் வேண்டும். எல்லாப் பீரியடும் வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள் தலையில் அதையும் கட்டுவது நியாயமாகாது.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. உளவியலோ சமூகப் பணியோ முறையாகப் படித்த, தெலுங்கும் தெரிந்த, நம் பக்கத்துப் பெண் ஒருவரை முழுநேர ஆலோசகராக நியமிக்க வேண்டும். அவர் சம்பளத்தைச் சங்கம் ஐந்து வருடத்துக்காவது ஏற்க வேண்டும். அடுத்து, ஆறு முதல் பன்னிரண்டு வரை காலையில் சாப்பாடு. எல்லாருக்கும் போட வேண்டும். தேவைப்படுபவர் மட்டும் வரலாம் என்றால் தேவைப்படுபவர் வரமாட்டார். வளைவும் போர்டும் அதன் பிறகு வரட்டும், அதற்கும் என் பங்கைத் தருகிறேன்.

மார்க்கைத்தானே பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓசூரில் லேத் பட்டறை வைத்திருப்பவனுக்கும் பாட்டுப் பாடியவளுக்கும் மார்க்கும் வந்தது. அவர்களைத் தடுத்துக்கொண்டிருந்தது விலகியதும் வந்தது.

பொதுக்குழுவுக்கு முன் செயலாளர் ஒரு வேலை செய்தால் நன்றாக இருக்கும். பள்ளி திறக்கும் ஜூன் மாதம் பெங்களூரா மாங்காய் இறங்கும் சமயம். எத்தனை பிள்ளைகள் தோப்பிலும் மாங்கூழ் ஆலையிலும் நின்றுவிட்டு ஜூலையில்தான் வகுப்புக்கு வருகிறார்கள், விட்டுப்போன பாடத்தை அவர்களுக்கு யார் நடத்துகிறார்கள் என்று ஆறாம் வகுப்பு ஆசிரியர்களிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். ஆலோசகருக்கு முதல் மாத வேலை அந்தத் தாளிலேயே இருக்கும்.