கப்பலுக்கு முன்னால் இருந்து தொடங்குங்கள்

லண்டனில் வரலாற்று ஆசிரியராவதற்கு பி.ஜி.சி.இ. என்ற, பட்டப்படிப்புக்குப் பிந்தைய ஆசிரியர் பயிற்சியைப் படித்தேன். எங்கள் விரிவுரையாளர் ஒருவர் ஆப்பிரிக்கப் புலம்பெயர் மக்களின் வரலாற்றை ஆராய்பவர். எட்டாம் வகுப்புக்கு அட்லாண்டிக் அடிமை வணிகம் பற்றி நான் எழுதிய முதல் பாடக்குறிப்பை அவரிடம் காட்டினேன். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா இடையே நடந்த முக்கோண வணிகத்தின் வரைபடம், ஆட்களை அடுக்கிய கப்பலின் படம், அப்புறம் அடிமை வணிகத்தை எதிர்த்த பிரிட்டிஷ் எம்.பி. வில்பர்ஃபோர்ஸ், பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறையை ஒழித்த 1833 சட்டம், அவ்வளவுதான். படித்துவிட்டு, "கப்பலில் ஏற்றப்படுவதற்கு முன்னால் இவர்கள் யார்?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

வரலாற்றுப் பயிற்சிக்குப் போகிறவர்கள் இந்தக் கேள்வியை முதலிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். நான் குறிப்பைத் திருப்பி எழுதியபோது, இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் அரசில் இருந்து தொடங்கினேன். அந்த அரண்மனையின் பித்தளைப் பலகைகள் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன, 1897இல் பிரிட்டிஷ் படை கொள்ளையடித்துக் கொண்டுவந்தவை. பள்ளிக்குப் போகும் முன் ஒரு நாள் ஒதுக்கி நேரில் பாருங்கள், அனுமதி இலவசம்தான்.

எண்கள் வேண்டும், ஆனால் எண்களோடு நிறுத்தாதீர்கள். ஏறத்தாழ 1.25 கோடிப் பேர் கப்பலில் ஏற்றப்பட்டார்கள், கரை சேர்ந்தவர்கள் சுமார் 1.07 கோடி. இந்த இடைவெளியைப் பிள்ளைகளையே கழித்துப் பார்க்கச் சொன்னேன், வகுப்பு தானாக அமைதியானது. அதற்குப் பிறகு சோங் என்ற பிரிட்டிஷ் அடிமைக் கப்பலின் வழக்கு: 1781இல் 130க்கும் மேற்பட்டவர்களைக் கடலில் வீசிவிட்டு, உரிமையாளர்கள் சரக்கு நட்டம் என்று காப்பீட்டுப் பணம் கேட்டார்கள். இதை ஒழிப்பியக்கத்தினர் கிரான்வில் ஷார்ப்பிடம் கொண்டுபோய்ச் சொன்னவர் ஒலாடா எக்குவியானோ, தானே அடிமைப்படுத்தப்பட்டு, பணம் கொடுத்து விடுதலை பெற்றவர். ஆவணத்தை எழுதியது யார், யாருடைய குரல் அதில் இல்லை என்று கேட்க இதைவிடப் பொருத்தமான சான்றை நான் பார்த்ததில்லை.

எங்கள் விரிவுரையாளர் 'அடிமைகள்' என்று எழுதாமல் 'அடிமைப்படுத்தப்பட்டவர்கள்' என்று எழுதச் சொல்வார். நீளமான சொல்தான், ஆனால் செய்தவன் ஒருவன் இருக்கிறான் என்பது அதில் தெரிகிறது. வகுப்பில் கப்பல் காட்சியை நடிக்க வைக்கவே வேண்டாம், கறுப்பினப் பிள்ளை ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கும்.

ஹெய்ட்டியைக் கடைசியில் ஐந்து நிமிடத்துக்குத் தள்ளாதீர்கள். அந்தக் கரீபிய நாட்டில் அடிமைப்படுத்தப்பட்டவர்களே நடத்திய 1791 எழுச்சிக்கும், பிரான்சிடமிருந்து பெற்ற 1804 விடுதலைக்கும் தனியாக ஒரு பாடவேளை கொடுங்கள், நான் அதற்காக வில்பர்ஃபோர்ஸ் பகுதியைப் பாதியாகக் குறைத்தேன்.