சாளுவன்குப்பத்துக்கு இருபது நிமிடம்

சென்னையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு மாமல்லபுரம் என்றால் பள்ளிச் சுற்றுலாவும் புளியோதரைப் பொட்டலமும்தான். மதுரையிலிருந்து வந்திருந்த அத்தை, விவரம் சொல்ல ஆள் இல்லாமல் கல்லைப் பார்த்து என்ன பயன் என்று கேட்டதால், வழிகாட்டியுடன் கூடிய ஒருநாள் சுற்றுலாவுக்கு இருவருக்குமாகப் பணம் கட்டினேன். காலை எட்டரைக்கு வருவதாகச் சொன்ன வேன் ஒன்பதே முக்காலுக்குத்தான் வந்தது. அந்த ஒன்றேகால் மணி நேரத்தைப் பிறகு ஒவ்வோர் இடத்திலும் எங்கள் கணக்கிலேயே கழித்துக்கொண்டார்கள்.

முதலில் எழும்பூர் அருங்காட்சியகம். 1851-இல் தொடங்கப்பட்ட இதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் நாள் பார்த்துத்தான் போக வேண்டும். அமராவதிப் பௌத்தத் தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்களை நடந்தபடியே பார்த்துவிட்டுச் செப்புத் திருமேனிக் கூடத்துக்கு விரைந்தோம். அங்கே திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன் எங்களை நிறுத்திய வழிகாட்டி, கைகளை எண்ணச் சொன்னார். வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு, இடப்பக்கம் உமைக்கு ஒன்று. மூன்று கைகள் இருந்தும் எந்தப் பக்கமும் கூடியதாகவோ குறைந்ததாகவோ கண்ணுக்குப் படவில்லை என்பதே 11ஆம் நூற்றாண்டுச் சிற்பியின் கெட்டிக்காரத்தனம். பலமுறை பார்த்திருந்தும் நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

வழியில் வந்த சாளுவன்குப்பத்தைக் கடைசியில் சொல்கிறேன். மாமல்லபுரத்தில், அருச்சுனன் தபசு என்றும் பகீரதன் தவம் என்றும் இரு விதமாகச் சொல்லப்படும் அந்தப் பெரும்பாறையின் முன் கூட்டம் மொய்த்தது. மேலே முனிவர் ஒற்றைக்காலில் நின்று கைகளை உயர்த்தியிருக்க, கீழே யானைகளின் பக்கம் ஒரு பூனையும் அதே போல் கைதூக்கி நிற்கிறது; அதைச் சுற்றி எலிகள். "ருத்திராட்சப் பூனைன்னு சொல்றது இதத்தானா தம்பி?" என்று அத்தை கேட்க, வழிகாட்டி சிரித்துவிட்டு, "அதேதான்மா" என்றார். ஐந்து ரதங்களில் வெயில் தாங்கவில்லை. பல்லவ மன்னன் இராசசிம்மன் எழுப்பிய கடற்கரைக் கோயிலில், இரண்டு சிவன் சன்னிதிகளுக்கு நடுவே பள்ளிகொண்ட பெருமாள் இருப்பதைப் பெரும்பாலோர் எட்டிப் பார்க்காமலே படம் எடுத்துக்கொண்டு திரும்பினர்.

சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. டச்சு எழுத்துகள் பொறித்த கல்லறைகளை அவசரமாகப் பார்த்தோம். 1782-இல் இந்தக் கரைக்கு அப்பால் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கடற்போர் நடத்தியதை வழிகாட்டி வேனில் ஏறிய பிறகே சொன்னார்.

இனிச் சாளுவன்குப்பம். நிரலில் புலிக்குகை மட்டுமே இருந்தது. ஒதுக்கிய நேரம் இருபது நிமிடம். யாளித் தலைகள் சூழ்ந்த அந்தக் குடைவரையில் எல்லோரும் இளைப்பாறியபோது, வழிகாட்டி எங்கள் இருவரை மட்டும் சற்றுத் தள்ளியிருந்த பள்ளத்துக்கு அழைத்துச் சென்றார். 2004-ஆம் ஆண்டுச் சுனாமி மணலை அரித்துச் சென்றபின் தென்பட்ட கல்வெட்டு ஒன்று அங்கே முருகன் கோயில் இருந்ததைச் சொன்னதால், அடுத்த ஆண்டு தொல்லியல் துறை தோண்டியது. பல்லவர் காலக் கட்டுமானத்துக்கும் அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில் கிடைத்தது. அதைச் சங்க காலத்தது என்று தொல்லியலார் கணிக்கின்றனர். கோயில் வடக்கு நோக்கி இருக்கிறது. முன்னே கல்லில் செய்த வேல் நிற்கிறது. அந்தச் செங்கற்கள் இன்று நாம் வீடு கட்டும் செங்கற்களைவிடப் பெரியவை, தட்டையானவை. அத்தை குனிந்து ஒன்றின் மேல் சாண் வைத்து அளந்தார்; சாணுக்கு மேலும் நீண்டது. இரண்டாம் முறை சாண் வைப்பதற்குள் வேன் ஓட்டுநர் ஆரன் அடிக்கத் தொடங்கிவிட்டார்.