அலுவலக நேரம்: மூன்று முதல் நான்கு வரை

துறைத்தலைவர் ஒரு தாளை நீட்டினார். அதில் 26 பெயர்கள். "முதலாண்டுக்கு இந்த வருஷம் நீங்கதான் வழிகாட்டி ஆசிரியர்" என்றார். பல ஆண்டுகளாக நுண்கணிதம் நடத்துகிறவன் நான். நன்றாகவே நடத்துகிறேன் என்ற நினைப்பும் உண்டு. இதில் புதிதாக என்ன இருந்துவிடப்போகிறது என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

முதல் கூட்டத்தில் ஐம்பது நிமிடம் விடாமல் பேசினேன். வருகைப்பதிவு, இன்டர்னல் மதிப்பெண், நூலக அட்டை, விடுதி விதிகள் என்று ஒன்றையும் விடவில்லை. கடைசியில், "சந்தேகம் இருந்தா தயங்காம வாங்க" என்றேன். பின்வரிசையில் ஒருவன் தலையாட்டினான். வேலை முடிந்தது என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த ஆறு வாரத்தில் என் அறைக்கு வந்தவர்கள் மூன்று பேர். மூவருமே என்னிடம் வராவிட்டாலும் தேறிவிடக்கூடியவர்கள். மீதி 23 பேருக்கும் சந்தேகமே இல்லை என்று நம்பிக்கொள்ள வசதியாகத்தான் இருந்தது, முதல் தேர்வுத் தாள்களைத் திருத்தும் வரை.

தாள்களில் ஒரு விஷயம் உறுத்தியது. தவறுகள் புதுப்பாடத்தில் இல்லை. புதுப்பாடமான சங்கிலி விதியைச் சரியாக எழுதிவிட்டு, அடுத்த வரியில் பின்னத்தைப் பிரிக்கத் தெரியாமல் விழுந்திருந்தார்கள். கூட்டலை அடைப்புக்குள் போட்டு வர்க்கப்படுத்தினால் நடுவில் ஓர் உறுப்பு வரும் என்பதைப் பலர் மறந்திருந்தார்கள். பள்ளியிலேயே முடிந்துபோன பாடம் இது. இதைப் பல்கலைக்கழகத்தில் கேட்டால் சிரிப்பார்கள் என்ற பயம் அவர்களுக்கு. நானோ ஒவ்வொரு வகுப்பிலும் "இது உங்களுக்குத் தெரிஞ்சதுதான்" என்று சொல்லிவிட்டு அந்த வரிகளைத் தாண்டிப்போய்க்கொண்டிருந்தேன்.

குறைந்த மதிப்பெண் எடுத்த ஒன்பது பேரின் தாளில் சிவப்பு மையில் 'வந்து பார்க்கவும்' என்று எழுதினேன். ஒருவரும் வரவில்லை. வராண்டாவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் திரும்பி நடந்தார்கள். ஒருத்தியை நிறுத்தி, "ஏம்மா வரல?" என்று கேட்டேன். "திட்டுவீங்கன்னு நினைச்சேன் சார்" என்றாள். சரி, அதற்கு முன்னால் ஏன் வரவில்லை? என் கதவில் 'அலுவலக நேரம்: 3 – 4' என்று பலகை தொங்குகிறதே? அவள் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "அது நீங்க ஆபீஸ் வேலை பார்க்கிற நேரம், அப்போ தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நினைச்சோம் சார்."

நினைச்சேன் அல்ல, நினைச்சோம். அந்தப் பலகையை மாட்டியதே நான்தான்.

அன்றைக்குப் பலகையைக் கழற்றிவிட்டு, சந்திப்பைக் கட்டாயமாக்கினேன். அடுத்த அசைன்மென்ட்டை வகுப்பில் திருப்பித் தரவில்லை. ஆளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி, அறையில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன். எல்லோரும் வந்தாக வேண்டும் என்பதால் வருகிறவன் மக்கு என்று யாரும் நினைக்க இடமில்லை. குறிப்புகளையும் மாற்றி எழுதினேன். 'வந்து பார்க்கவும்' போய், 'மூன்றாவது வரி வரை சரி. பின்னம் பிரிப்பதில் நின்றுவிட்டது. வியாழன் அதை மட்டும் சேர்ந்து பார்ப்போம்' என்று வந்தது. ஒரு தாளுக்குக் கூடுதலாக ஒரு நிமிடம் ஆனது, அவ்வளவுதான்.

பத்து நிமிடத்தில் மூன்று கேள்விகள் கேட்டேன். எங்கே உட்கார்ந்து படிக்கிறாய்? பாடத்தில் எந்த இடத்தில் கை நின்றது? ஒருநாள் வகுப்புக்கு வராவிட்டால் யாரிடம் நோட்டு வாங்குவாய்? முதல் இரண்டும் எதிர்பார்த்த பதில்களையே தந்தன. மூன்றாவதைப் பேச்சுக்காகத்தான் சேர்த்திருந்தேன். அதற்கு எட்டுப் பேரிடம் பதில் இல்லை. வகுப்பு தொடங்கி ஏழு வாரம் ஆகியிருந்தது. பக்கத்தில் உட்காருகிறவரிடம் நோட்டுக் கேட்கிற அளவுக்குக்கூட அவர்களுக்குப் பழக்கமில்லை. சரியாகப் படிக்காதவர்கள் என்று நான் மனதுக்குள் குறித்துவைத்திருந்தவர்களில் பலர் இந்த எட்டுக்குள் இருந்தார்கள்.

அப்போதுதான் யூரி ட்ரைஸ்மன் நினைவுக்கு வந்தார். கணிதத் துறையில் பலருக்கும் தெரிந்த கதைதான். 1970-களில் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில், நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் அதிகம் தோற்கிறார்கள் என்று தேடப்போனவர் அவர். ஆர்வக் குறைவு, பள்ளியில் சரியான பயிற்சி இல்லை, வீட்டில் ஆதரவில்லை என்று சுற்றியிருந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவர் 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன வம்சாவளி மாணவர்களையும் பின்தொடர்ந்து, எப்படிப் படிக்கிறார்கள் என்று நேரிலேயே பார்த்தார். சொன்ன காரணங்கள் எதுவும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் மணிக்கணக்கில் படித்தார்கள், ஆனால் தனியாக. மற்றவர்கள் கணக்கைப் போட்டுவிட்டு ஒன்றுகூடி, ஒருவர் விடையை இன்னொருவர் சரிபார்த்து, வாத்தியார் எப்படிக் கேள்வி கேட்பார் என்பதுவரை பேசிக்கொண்டார்கள். தனியாகப் படிக்கிறவனுக்கு, தான் திணறுகிற இடத்தில்தான் மற்றவனும் திணறுகிறான் என்பது தெரிவதே இல்லை. இதற்காக அவர் நடத்திய பயிலரங்கில் எளிய கணக்குகளைத் திரும்பப் போடவைக்கவில்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சேர்ந்து போடச் சொன்னார்.

இதை எத்தனையோ முறை மேற்கோள் காட்டியிருக்கிறேன். என் வகுப்பில் செய்து பார்த்ததில்லை.

'நீங்களே குழு அமைத்துக்கொள்ளுங்கள்' என்று விட்டால், ஏற்கெனவே நண்பர்களாக இருப்பவர்கள் கூடிக்கொள்வார்கள், அந்த எட்டுப் பேர் மிஞ்சுவார்கள். அதனால் நானே நான்கைந்து பேராகப் பிரித்தேன். யாரும் குழுவில் ஒற்றையாகத் தெரியாதபடி பார்த்துக்கொண்டேன். வாரம் ஒருநாள், வகுப்பு நேரத்திலேயே, கடினமான ஒரு கணக்கு. மாலையில் வைத்திருந்தால் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் வந்திருக்க முடியாது. முதல் இரண்டு வாரம் மயான அமைதி. மூன்றாவது வாரம் இரண்டு பேர் கணக்கில் வரவேண்டியது கூட்டல் குறியா கழித்தல் குறியா என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இத்தனைக்குப் பிறகும் ஒருவனைத் தவறவிட்டேன்.

தொடர்ந்து ஒன்பது நாள் அவன் பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்று நானே எழுதியிருக்கிறேன். எழுதினேனே தவிர, ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. வருகைப்பதிவை அரியாசனத்தில் வைத்திருக்கிறோம், ஆனால் அது நடந்து முடிந்ததைத்தான் சொல்லும். தற்செயலாக லேப் அசிஸ்டென்ட்டிடம் பேச்சுக் கொடுத்தபோது, "அந்தப் பையனா? அவன் ஒரு மாசமாவே லேப்ல ஓரமாத்தான் நிப்பான் சார். பார்ட்னர் மாறிட்டான், கேக்கக் கூச்சம்" என்றார். கட்டணப் பிரிவில் இருந்த அம்மாவுக்கு இன்னும் கூடத் தெரிந்திருந்தது. அவனுடைய உதவித்தொகை வந்து சேரவில்லை. நூலகருக்கு, அவன் தினமும் காலையில் வந்து மாலைவரை அங்கேயே இருப்பது தெரியும். ஆக, அவன் வளாகத்தை விட்டு எங்கும் போகவில்லை. ஆளுக்கொரு துண்டு தெரிந்திருந்தது. துண்டுகளைச் சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

நூலகத்தில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுந்து நிற்கப் பார்த்தான். "உக்காருப்பா, பாடம் பத்தி ஒண்ணும் கேக்கல" என்றேன். பைக்குள்ளிருந்து மடித்து மடித்துக் கிழியும் நிலையில் இருந்த படிவத்தை எடுத்தான். அதில் 'கல்வி ஆலோசகர் கையொப்பம்' என்று ஒரு கட்டம். அது யார் என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறான். ஒரு கவுன்டரில் மனநல ஆலோசகரிடம் அனுப்பிவிட்டார்கள். அவர், "நான் இல்லைப்பா" என்றிருக்கிறார். மூன்றாவது கவுன்டரில் குரல் உயர்ந்ததும், பின்னால் வரிசையில் வகுப்புப் பிள்ளைகள் நிற்பதைப் பார்த்துக் கூச்சப்பட்டுத் திரும்பிவிட்டான். கட்டணம் கட்டாமல் வகுப்பில் உட்காரக் கூடாது என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான். அப்படி ஒரு விதியே கிடையாது.

அந்தக் கல்வி ஆலோசகர் நான்தான். அறிவிப்பில் 'வழிகாட்டி ஆசிரியர்', படிவத்தில் 'கல்வி ஆலோசகர்', கதவில் 'அலுவலக நேரம்'. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட ஐந்து விநாடி ஆகியிருக்கும். பிறகு அவனோடு ஒவ்வொரு கவுன்டராக நானும் போய் நின்றேன். இத்தனை ஆண்டு வேலை பார்த்த இடத்தில் அந்த வரிசையில் முதன்முறையாக நிற்கிறேன். எந்தத் தாள் எங்கே போகிறது, மதியம் எந்த ஜன்னல் மூடும், எந்த நகலுக்குச் சான்றொப்பம் வேண்டும் என்பதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதிவைத்தேன். கட்டணப் பிரிவு அம்மா அதில் இரண்டு தவறுகளைத் திருத்திக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரைமணி நேரம் கூடுகிறோம்: நான், லேப் அசிஸ்டென்ட், நூலகர், வார்டன், கட்டணப் பிரிவு அம்மா. ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். யாருடைய வீட்டுக் கதையும் மேசைக்கு வராது. 'இவரைக் கொஞ்சம் கவனியுங்கள்' என்ற அளவோடு பேச்சு நிற்க வேண்டும். அப்படி வைக்காவிட்டால் இது வம்புக் கூட்டமாக மாற ஒரு வாரம் போதும்.

மனநல விஷயத்தில் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாணவி அறையில் உட்கார்ந்து அழுதாள். ஒரு மணி நேரம் அறிவுரை சொன்னேன். பெருமையாகக்கூட இருந்தது. மனநல ஆலோசகர் என்னிடம் பொறுமையாகச் சொன்னார்: உங்கள் வேலை கேட்பது. பயமாக இருந்தால், சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. உயிருக்கு ஆபத்தென்றால் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்பாதீர்கள், கூடவே நடந்து வந்து என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள். அடுத்தமுறை அப்படித்தான் செய்தேன்.

இன்னொரு தவறு, ஒருவனின் வீட்டுக்கு அவனிடம் சொல்லாமல் போன் செய்தது. அந்த செமஸ்டர் முழுக்க அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் பக்கம்தான் நியாயம்.

சீனியர்களைப் பேசவைத்தபோதும் முதலில் சொதப்பினேன். முதல் மதிப்பெண்காரர்களைக் கூப்பிட்டேன். கால அட்டவணை, விடாமுயற்சி என்று உரை நிகழ்த்திவிட்டுப் போனார்கள். கேட்டவர்கள் முகம் இன்னும் சுருங்கியது. வால்டன், கோஹன் என்ற இரு உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 'இது எனக்கான இடமில்லையோ' என்ற கவலை எல்லோருக்கும் வரும், நாளாக ஆக மறையும் என்று சீனியர்கள் சொன்னதை முதலாண்டு மாணவர்கள் படித்தார்கள். ஒரு மணி நேர அமர்வு. அடுத்த மூன்று ஆண்டுகளில் அதில் பங்கேற்ற கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது, வெள்ளையின மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியானது. அதை நினைத்து, முதல் செமஸ்டரில் தோற்றுப்போய் இன்று மூன்றாம் ஆண்டில் இருக்கிற ஒருத்தியை அழைத்தேன். "நான் மூணு வாரம் கழிவறையில போய் அழுதேன்" என்று ஆரம்பித்தாள். கேள்விகள் முடிய ஒரு மணி நேரம் ஆனது. நான் வெளியே நின்றுகொண்டேன்.

ஆண்டு முடிவில் 26 பேரில் இருவர் இல்லை. ஒருத்தி வேறு துறை படிக்க வேறிடம் போனாள். அது நல்ல முடிவு, அந்தப் படிவத்திலும் நான்தான் கையெழுத்திட்டேன். இன்னொருவன் ஏன் போனான் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இந்த வேலைக்கெல்லாம் பணிநேரக் கணக்கில் இடமில்லை என்பது வேறு கதை. ஆய்வுக்கட்டுரை எழுதினால் பதவி உயர்வுப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு, இதற்கு இல்லை. அதனால்தான் பல சக ஆசிரியர்கள் ஒதுங்குகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இந்த ஆண்டுத் தாளில் 31 பெயர்கள். ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் ஐந்து மணி நேரத்துக்கு மேல். முதல் சுற்றை மூன்றாவது வாரத்துக்குள் முடிக்க வேண்டும், ஏழாவது வாரம் ரொம்பத் தாமதம் என்று போன வருஷமே தெரிந்துவிட்டது. வியாழன் மதிய வகுப்பை வேறு நாளுக்கு மாற்றித்தரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். படிவத்தில் 'கல்வி ஆலோசகர்' என்ற அந்தப் பெயரை மாற்றச் சொல்லியும் எழுதினேன். இரண்டுக்கும் இன்னும் பதில் வரவில்லை. கதவில் மட்டும் புதுப்பலகை மாட்டியாகிவிட்டது: 'மூன்றிலிருந்து நான்கு வரை உங்களுக்காக உட்கார்ந்திருக்கிறேன். கேள்வி இல்லாவிட்டாலும் வாங்க.'