ஒரு செம்புத் தகட்டில் ஒரு சந்தை
இத்தாலியின் ஃபிளாரன்சுக்கு அருகிலுள்ள இம்ப்ருனேட்டாவில் புனித லூக்கா திருநாளையொட்டிக் கூடும் சந்தையை, அச்சுப்படக் கலைஞர் ழாக் கால்லோ 1620-இல் செம்புத் தகட்டில் வடித்த அச்சுப்படத்தை நேற்றிரவு கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால் மீட்டர் அகலம்கூட இல்லாத அந்தத் தாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்களும் நூற்றுக்கும் மேற்பட்ட நாய்களும் இருக்கிறார்கள் (எண்ணிய புண்ணியவான் யாரோ!). பின்னணியில் மாதா கோவில்; சந்தைக்குள் பாம்பைத் தூக்கிக் காட்டி மருந்து விற்கும் ஒருவன், அவனைச் சுற்றி வேடிக்கை பார்க்கும் கூட்டம். தூரத்து உருவங்கள் எறும்பளவே என்றாலும், ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு வேலை இருக்கிறது. தகட்டின் மேல் பூச்சுப் பூசி, அதில் கீறிய கோடுகளை மட்டும் அமிலத்தால் அரிக்க வைப்பதுதான் இந்த முறை. வழக்கமான மெழுகுப் பூச்சுக்குப் பதிலாக, லூட் என்னும் நரம்பிசைக் கருவி செய்வோர் பயன்படுத்திய கெட்டியான வார்னிஷைத் தகட்டில் பூசியதால்தான், அமிலம் பூச்சுக்கடியில் கசிந்து பரவாமல், மயிரிழைக் கோடுகள்கூடத் துல்லியமாக விழுந்தன. இத்தனையையும் கால்லோ பின்னர், இன்றைய பிரான்சிலுள்ள நான்சி நகரில் இன்னொரு தகட்டில் முதலிலிருந்து மறுபடியும் வடித்தார் என்பதுதான் எனக்கு மலைப்பாக இருக்கிறது.